உன் பாதிரியாரும் எங்கள் தர்சிகாவும்

தம்பி,

கோயில் பொங்கல் மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே தந்தார்கள்: "இத்தாலியில் எங்கள் பிள்ளைகளின் உயர்கல்வி." பலெர்மோவில் எத்தனையோ தகப்பன்மார் இருக்க என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் நீதான். இங்கிலாந்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிற பிள்ளையைப் பெற்றவன், நெஞ்சை நிமிர்த்தி இரண்டு பக்கம் எழுதுவான் என்று நம்பிக் கேட்டார்கள். நானும் நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் உன் குரல்பதிவு வந்து சேர்ந்தது. ஆகவே அந்தக் கட்டுரை இல்லை, இந்தக் கடிதம்தான் இருக்கிறது. மலர்க் குழுவினர் மன்னிக்கட்டும். போட மனமில்லாவிட்டால் திருப்பித் தரட்டும், நான் நகலெடுத்துக் கோயில் வாசலில் நின்று கொடுத்துக்கொள்கிறேன். நான் போனில் அனுப்புவதை நீ வாசிப்பதில்லை. இரண்டு நீலக் கோடு விழும், பதில் விழாது. அச்சடித்த தாள் என்றால் மட்டும் விழுந்து விழுந்து வாசிப்பாய், அதுவும் எழுதியவன் செத்து நானூறு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். அந்த இரண்டாவது தகுதி எனக்கு இன்னும் வரவில்லை. முதலாவதையாவது நிறைவேற்றி வைக்கிறேன்.

நீ என்ன சொல்லி அனுப்பினாய் என்பதை இதை வாசிக்கிற மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும். வைகாசியில் வைத்திருக்கிற உன் கலியாணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ள வேண்டுமாம். உன் ஆய்வேட்டின் நாலாவது அத்தியாயத்தைத் திருப்பி எழுதச் சொல்லிவிட்டார்களாம். "நீங்களே தர்சிகாவின்ரை அப்பாவுக்குப் பக்குவமாச் சொல்லிவிடுங்கோ அப்பா. அவர் அவளுக்குச் சொல்லுவார். நான் பேந்து ஆறுதலா அவளோடை கதைக்கிறன்." இவை உன் சொற்கள், நான் ஒன்றும் கூட்டவில்லை. லிபெர்த்தா வீதியில், நான் பார்த்துக்கொள்கிற வயதான வக்கீல் வீட்டுக் குசினியில் அவருக்குச் சூப்பைக் கிண்டிக்கொண்டு நின்றபடி இதைக் கேட்டேன். சூப் அடிப்பிடித்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஒரு வருடம் தள்ளிவைக்கிற செய்தி உன் வாயிலிருந்து என் வாய்க்கு, என் வாயிலிருந்து அவள் தகப்பன் வாய்க்கு, அங்கிருந்து அவள் காதுக்குப் போக வேண்டும். எல்லாரும் திட்டு வாங்கி முடிந்த பிறகு, துரை ஆறுதலாக வந்து கதைப்பார். இதில் பக்குவம் எங்கே இருக்கிறது என்று நானும் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் காரணமான, நீ ஆராய்ச்சி செய்கிற அந்த மனிதரை மலர் வாசிப்பவர்களுக்கு யார் அறிமுகம் செய்வது? நான்தான் செய்ய வேண்டும். அவருடைய பெயரை எழுதினால் எழுத்துப்பிழை என்று அங்கிருந்தே திருத்துவாய் என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் அவர் 'உன் பாதிரியார்', அவ்வளவுதான். நீ லீவில் வந்து சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள் பரப்பி வைத்திருக்கும்போது, "உவருக்கும் ஒரு தேத்தண்ணி ஊத்தட்டோ?" என்று அம்மா கேட்பாளே, அவர்தான். நானூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் கையுறை தைக்கிற ஒருவருக்குப் பிறந்தவர். கெட்டிக்காரப் பிள்ளை என்று ஊரில் வசதியான ஒருவர் செலவழித்துக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறார். லத்தீன், கிரேக்கம், எபிரேயம் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்துவிட்டு, போதாது என்று அரபும் படித்தார். குருப்பட்டமும் வாங்கினார். தேனீ வளர்ப்பவன் தேனில் பத்திலொரு பங்கைத் தேவாலயத்துக்குக் கொடுக்க வேண்டுமா என்று ஒரு புத்தகம் எழுதினார். பொறுமையைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்து அச்சிட்டார். அதை ஒருவர் குறை சொல்ல, அவருக்கு ஒரு மறுப்பு எழுதினார். அவர் திருப்பி எழுத, அதற்கும் ஒரு மறுப்பு, இது கொஞ்சமும் பொறுமை இல்லாமல். இவை எல்லாம் கைவேலை. தலைவேலை அந்தப் பெரிய புத்தகம். உலகம் உண்டானபோது ஆதாம் மிருகங்களுக்கெல்லாம் பெயர் வைத்தாரே, எந்த மொழியில் வைத்தார் என்று கண்டுபிடிக்கிற புத்தகம். முதல் பாகம் ஊர்வன, இரண்டாம் பாகம் பறப்பன. நாலுகால் மிருகங்களுக்கு வந்து சேர முன்னரே மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். எந்த மொழியில் கூப்பிட்டால் என்ன, கூப்பிட்டதற்கு ஆடு திரும்பிப் பார்த்ததா இல்லையா என்று நான் ஒருமுறை கேட்டேன். பகிடிக்குத்தான் கேட்டேன். நீ சிரிக்கவில்லை. "அப்பா, அதுதான் அவரின்ரை மூண்டாவது கேள்வி" என்றாய். அன்றைக்கே எனக்கு உன்னைப் பற்றிக் கொஞ்சம் பயம் வந்தது.

இந்தப் பாதிரியாரால் இந்த ஊரில் நான் பட்ட அவமானத்தை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. போன கோடையில், உங்கள் நிச்சயம் முடிந்த கையோடு, வக்கீலின் மகள், அந்தச் சிஞ்ஞோரா, உன் மகன் என்ன படிக்கிறான் என்று என்னைக் கேட்டார். என்னைப் பற்றிச் சொல்வதென்றால் 'லவோரோ தா பதாந்தே' என்று சொல்லிப் பழகியவன் நான், வயதானவர்களைப் பார்க்கிற வேலை செய்கிறேன் என்று. அதே அச்சில் உன்னையும் வார்த்தேன். 'ஸ்தூதியா தா ப்ரெத்தே' என்றேன். ஒரு பாதிரியைப் பற்றிப் படிக்கிறான் என்று சொன்னதாகத்தான் என் நினைப்பு. பாதிரியாக வருவதற்குப் படிக்கிறான் என்று சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு எப்படித் தெரியும்? 'உன் ப்ரெத்தே' என்று சொல்லியிருக்க வேண்டுமாம். இவர்களுக்கு 'உன்' என்றால் 'ஒரு'. வீட்டில் தமிழில் 'உன் பாதிரி, உன் பாதிரி' என்று நாள் முழுக்கச் சரியாகச் சொல்லிக்கொண்டு இருந்தவன், சொல்ல வேண்டிய இடத்தில் போய் 'தா' என்றேன். தா என்று கேட்டதும் ஊர் எனக்கு ஒரு பாதிரியைத் தந்துவிட்டது. சிஞ்ஞோரா என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். கண் கலங்கினார். அடுத்த நாள் அந்தப் பகுதித் தேவாலயத்திலிருந்து உனக்கு ஒரு செபமாலை வந்தது. மாடிவீட்டுக் கிழவி படியில் நின்று என் கையைப் பிடித்து, உன் மகனை எனக்காகச் செபிக்கச் சொல் என்றாள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மலையிலுள்ள கிறிஸ்தவக் குகைக் கோயிலுக்கு ஏறுவதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அதனால் ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை.

தர்சிகாவின் அம்மா அதே தெருவில் இரண்டு வீடு துப்புரவு செய்கிறவர் என்பது உனக்குத் தெரியும். செய்தி அவரோடு பஸ் ஏறி, அவர்கள் இருக்கிற பிரான்காச்சோவுக்குப் போனது. பொழுதுபட முன்னர் அவளுடைய அப்பா பட்டறை உடுப்போடேயே நாங்கள் இருக்கிற சீசாப் பகுதிக்கு வந்து எங்கள் கதவைத் தட்டினார். தண்ணீர் கூட வாங்கவில்லை.

"அண்ணை, ஒரு கதை கேள்விப்பட்டன். மருமோன் பாதிரியாப் போறாராம்?"

"உது ஆர் சொன்னது?"

"லிபெர்த்தா முழுக்கச் சொல்லுது. நீங்கள்தான் சொன்னதாம். எங்கடை பிள்ளையை என்ன செய்யப் போறியள்? கோயில் கூட்டவோ?"

குசினிக்குள் அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடனே உனக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். நீ விளக்கினாய்: "இல்லை மாமா, நான் பாதிரி இல்லை, அவரைப் பற்றித்தான் படிக்கிறன். அதோடை அவையின்ரை சபையிலை பாதிரிமாரும் கலியாணம் கட்டலாம்." அவருக்கு உயிர் வந்தது. நானும் பிடித்துக்கொண்டேன். "கட்டலாம், கட்டலாம், இங்கிலாந்துப் பாதிரிமார் எல்லாரும் குடும்பக்காரர்தான்" என்று உன் பாதிரியாருக்காக நான் அரை மணித்தியாலம் வாதாடினேன். அவர் தேத்தண்ணி குடித்தார். போகிற நேரம் ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப உவரும் கட்டினவர்தானே, தம்பி?" நீ ஏதோ தாளைப் புரட்டுவது கேட்டது. பிறகு, "அது கொஞ்சம் சிக்கலான விஷயம் மாமா" என்றாய். படித்தவர்கள் அப்படித்தான் கதைப்பார்கள் என்று இரண்டு கிழவரும் சிரித்துவிட்டு விட்டோம். அந்தச் சிக்கல் என்ன என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

அந்தச் சிக்கலை இப்போது நீயே அனுப்பியிருக்கிறாய். குரல்பதிவுக்குக் கீழே நாலாவது அத்தியாயத்தை இணைத்து, "வாசிச்சா விளங்கும்" என்று ஒரு வரி போட்டிருந்தாயே, வாசித்தேன். வக்கீல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தால், ஜன்னல் பலகைகளைச் சாத்திவிட்டு எனக்கு ஒரு கதிரையும் கொஞ்ச நேரமும் கிடைக்கும். போனிலேயே தமிழாக்கி அந்த வாரம் முழுக்க வாசித்தேன். அந்த இயந்திரத்தோடு நான் பட்ட பாடு தனிக்கதை. ஒரு இடத்தில், "நாற்பது வயதில் ஆயர் அவருக்கு ஒரு வாழ்க்கையைக் கொடுத்தார்" என்று வந்தது. ஐயோ பாவம், அதுவரைக்கும் இல்லையா என்று நினைத்தேன். பிறகு விசாரித்தால், பாதிரிக்குக் கொடுக்கிற பங்குத் தேவாலயத்தையும் வீட்டையும் வருமானத்தையும் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லாலேயே சொல்வார்களாம். சரி, வாழ்க்கை கிடைத்துவிட்டது, மனிதர் இனி என்ன செய்தார் என்று ஆவலோடு பக்கத்தைத் தள்ளினேன். மனிதர் பறவைகளைப் பற்றி எழுதத் தொடங்கினார்.

இடையில் அந்தப் பெண் வருகிறாள். பக்கத்து ஊர்க் கமக்காரர் ஒருவரின் மகள். இவர் கல்லூரியில் இருக்கும்போதே அவளுக்குச் சொல் கொடுத்து மோதிரமும் மாற்றியிருக்கிறார்கள். கல்லூரியில் சம்பளம் வாங்குகிற அறிஞர்கள் கலியாணம் கட்டினால் இடம் பறிபோய்விடுமாம், ஆகவே பங்கு கிடைக்கும்வரை பொறு என்றார். அதில் நியாயம் இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. நாற்பது வயதில் பங்கு கிடைத்தது. வீடு கிடைத்தது, கூரை ஒழுகினாலும் வீடுதானே. தடை ஒன்றும் இல்லை. அப்போது, ஊர்வன முடியட்டும் என்றார். ஊர்வன முடிந்தது, பறப்பன முடியட்டும் என்றார். இதையாவது அவளிடம் நேரே போய்ச் சொன்னாரா? இல்லை. ஒவ்வொரு முறையும் தன் தம்பியை அவள் தகப்பனிடம் அனுப்பியிருக்கிறார். குதிரையில் போனால் ஒரு காலைப்பொழுது தூரம் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதற்குப் பிறகு நீ எழுதிய இரண்டு வரியை நான் தமிழில் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். "காலப்போக்கில் அந்த நிச்சயம் வழக்கொழிந்தது. இந்தத் தாமதம் அறிவுலகுக்கு அதிர்ஷ்டமாக முடிந்தது." இயந்திரம் பிழை விட்டிருக்கும் என்று நினைத்தேன். அந்த ஒரு ஆங்கிலச் சொல்லை மட்டும் தனியாகப் போட்டுப் பார்த்தேன். அதிர்ஷ்டம் என்றே வந்தது.

அன்றைக்குத்தான் உனக்குப் போன் எடுத்தேன். கலியாணத்தைப் பற்றித்தான் கேட்கப்போகிறேன் என்று நீ தொண்டையைச் செருமியது எனக்குக் கேட்டது.

"அந்தப் பிள்ளைக்குப் பேந்து என்ன நடந்தது?"

"எந்தப் பிள்ளை அப்பா?"

"உன்ரை பாதிரி கட்டாமல் விட்ட பிள்ளை."

"ஓ, அதுவோ. தெரியாது அப்பா. ஆதாரம் ஒண்டும் இல்லை."

"பேர்?"

"பேரும் இல்லை. இன்னாரின்ரை மகள் எண்டு மட்டும்தான் இருக்கு."

"தேடிப் பார்த்தனியோ?"

"அது என்ரை ஆய்வுக்குள்ளை வராது அப்பா."

போனை வைத்துவிட்டேன். வந்த கோபத்துக்கு வக்கீலின் சட்டைகளை எல்லாம் எடுத்து மடித்து, மடித்ததைக் குலைத்துத் திரும்பவும் மடித்தேன். பாம்புக்கும் பல்லிக்கும் ஆதாம் என்ன பெயர் வைத்தார் என்பது ஆய்வுக்குள் வரும். காகத்துக்கு எபிரேயத்தில் என்ன, அரபில் என்ன என்று பதினைந்து பக்கம் வரும். ஒரு பெண் தன் இளமை முழுவதையும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தது மட்டும் ஆய்வுக்குள் வராது. வந்தாலும் அதிர்ஷ்டம் என்று வரும். யாருடைய அதிர்ஷ்டம் தம்பி? உன்னை நான் இப்படிக் கதைக்கப் பழக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் உன்னோடு படித்த பெடியன் விழுந்து கை முறிந்தபோது அவனோடு ஆஸ்பத்திரியில் போய் இருந்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வந்தவன் நீ. அந்தப் பிள்ளையை எங்கே, எந்த நூலகத்தில் தொலைத்தாய்?

நீங்கள் மட்டும் அம்மாவைக் காக்க வைக்கவில்லையா என்று நீ கேட்க முன்னர் நானே சொல்கிறேன். வைத்தேன். அவள் யாழ்ப்பாணத்தில், நான் இங்கே பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி இல்லாமல். கையில் காகிதம் இல்லாதவன் ஊருக்குப் போனால் திரும்பி வர ஏலாது. இந்த வருடம் கிடைக்கும், அடுத்த வருடம் கிடைக்கும் என்று குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரின் வரிசையில் நின்று நின்று எனக்குச் செருப்புத்தான் தேய்ந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் கிடைக்கவில்லை என்பதை நானே அவளுக்குச் சொன்னேன். அவள் தொலைபேசிக் கடைக்கு வந்து காத்திருப்பாள், நான் இங்கிருந்து எடுப்பேன். அவளுடைய அண்ணனிடம் சொல்லி அனுப்புவது எவ்வளவு சுகம் தெரியுமா? அவரோடு நல்ல பழக்கம், பகிடி விட்டு முடித்துவிடலாம். அவளோடு அது நடக்காது. "உங்கடை இத்தாலிக்காரன் என்ன, என்னைக் கிழவியாக்கிப் போட்டுத்தான் விசா தருவானோ?" என்று கடையில் நிற்கிறவர்கள் எல்லாம் கேட்கக் கத்தினாள். நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டு நின்றேன். கேட்க வேண்டியவன் நான்தானே. அவள் கத்தி முடிந்ததும், பொறுப்பியோ என்று கேட்டேன். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றாள். இரண்டு கிழமை யோசித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்த யோசிக்கிற உரிமை அவளுடையது. நேரே சொன்னதால்தான் அது அவளுக்குக் கிடைத்தது. சொல்லாமல் விட்டிருந்தால் அவள் பொறுத்தாளா, பொறுக்க வைக்கப்பட்டாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரிந்திராது.

நீ படிப்பதை நான் குறை சொல்லவில்லை. இதை அடிக்கோடிட்டு வாசி. நாலாவது அத்தியாயம் திருப்பி எழுத வேண்டும் என்றால் எழுத வேண்டியதுதான். ஆதாமின் மொழி எனக்கு வேண்டாம் என்பதற்காக உலகத்துக்கு வேண்டாம் என்று சொல்கிற விசரன் இல்லை நான். வக்கீல் கூட ஒவ்வொரு நாளும் சவரம் செய்யும்போது, உன் மகன் முடித்துவிட்டானா என்று கேட்கிறார். முடிப்பான் என்றுதான் சொல்கிறேன், நம்பித்தான் சொல்கிறேன். கலியாணத்தை ஒரு வருடம் தள்ளுவது கூட உலகம் அழிகிற விஷயம் இல்லை. மண்டபக்காரனோடு சண்டை பிடிப்பேன், ஐயரிடம் வேறு நாள் கேட்பேன், தாலிக்குப் பொன்னுருக்க வேறு முகூர்த்தம் பார்ப்போம், உன் அம்மா ஒரு கிழமை என்னோடு கதைக்க மாட்டாள், நான் தாங்குவேன். என்னால் செய்ய முடியாத வேலை ஒன்றே ஒன்று, உன் பாதிரியாரின் தம்பி செய்த வேலை. தூது போக மாட்டேன். அவள் தகப்பனிடம் நான் இன்றுவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நான் சொல்லாவிட்டால் தெரியாமல் போகுமா? போன ஞாயிற்றுக்கிழமை தர்சிகா வீட்டுக்கு வந்தாள். கூறைச் சேலைக்கு ரவிக்கை தைத்து வந்ததை அம்மாவுக்குக் காட்ட வந்ததாகச் சொன்னாள். காட்டினாள், மடித்து வைத்தாள், பிறகு மேசையடியில் என் முன்னால் இருந்தாள். பத்து நாளாக நீ அவளுக்கு எழுதுவதெல்லாம் 'பிறகு எடுக்கிறேன்' என்பதுதானாம். அவளுக்கு வடக்கே பொலோஞ்ஞா நகரில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து நிரந்தரத் தாதி வேலைக்குக் கடிதம் வந்திருக்கிறது. பரீட்சை எழுதி, வரிசையில் நின்று, பெயர் வந்து கிடைத்த வேலை. தை முடிவதற்குள் ஓம் அல்லது இல்லை என்று சொல்லவேண்டும். வைகாசியில் கட்டி உன்னோடு இங்கிலாந்துக்கு வருவதென்றால் இல்லை என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் அது திரும்பக் கிடைக்காது. உனக்கு இது தெரியுமா? தெரிந்திருக்க வேண்டும். அவள் உனக்குத்தான் முதலில் எழுதினாளாம், நீ ஒரு கைதட்டுகிற பொம்மைப் படம் அனுப்பினாயாம்.

"மாமா, அவர் உங்களுக்கு ஏதும் சொன்னவரோ?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை, உண்மை சொல்லவும் வரவில்லை. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போனை எடுத்து உன் அத்தியாயத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். அவளுக்கு ஆங்கிலம் நேராகவே விளங்கும். லிசேயோப் பள்ளிக்கூடத்தில் உன் லத்தீனைத் திருத்தித் தந்தவளும் அவள்தான். ஆற அமர வாசித்தாள். அந்தப் பெண் வருகிற இடத்தில் நிறுத்தி, மேலே போய், திரும்பவும் கீழே வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் மேசைவிரிப்பில் இருந்த ஒரு கறையைச் சுரண்டினேன்.

"அல்லோரா, அப்ப," என்றாள், "ஊர்வனவும் பறப்பனவும் முடிய என்ன மாமா, நாலுகாலோ?"

"அந்தாள் அதுக்குள்ளை செத்துப்போச்சு பிள்ளை."

"உலகத்திலை உள்ள பல்லி, பாம்பு எல்லாத்தின்ரை பேரையும் தேடினவராம். இந்தப் பொம்பிளைக்கு மட்டும் பேர் இல்லை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா வந்து அவள் தோளில் கை வைத்தாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "பிள்ளை, அவன் கலியாணத்தை..." என்று தொடங்கினேன். அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள், பஸ்சை மறிப்பவள் மாதிரி.

"வேண்டாம் மாமா. நீங்கள் சொல்லாதேங்கோ. எனக்கு இப்ப ஒண்டும் தெரியாது. நான் ஒரு ஆங்கிலப் பாதிரியாரைப் பற்றி வாசிச்சனான், அவ்வளவுதான். எனக்குத் தெரிய வேண்டியது இருந்தால் அவர் எனக்குச் சொல்லட்டும்."

"அவன் சொல்லாட்டில்?"

"தை முடியுமட்டும் பார்ப்பன். அதுக்குப் பிறகு நான் எனக்குத் தெரிஞ்சதை வைச்சுக்கொண்டு முடிவெடுப்பன். எனக்குத் தெரிஞ்சது பொலோஞ்ஞா மட்டும்தான்."

மலருக்கு இப்படி ஒரு கடிதம் எழுதப்போகிறேன், உனக்குச் சம்மதமா, பெயரை மாற்றிப் போடட்டுமா என்று நான் கேட்டேன். ஊர் கதைக்குமே என்று எனக்குப் பயம். அவளுடைய அப்பா வாசித்தால் என்ன ஆகும் என்று அதைவிடப் பயம். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவடியில் நின்று சொன்னாள்: "எழுதுங்கோ. அப்பாவோடை நான் கதைக்கிறன், அது என்ரை வேலை. என்ரை பேரை மாத்தாதேங்கோ மாமா. முழுசாப் போடுங்கோ." போட்டுவிட்டேன், பார். தலைப்பிலேயே போட்டுவிட்டேன்.

பொங்கலன்று காலையில் இந்த மலர் கோயிலில் கைக்குக் கை போகும். நான் அதற்கு முதல் நாளே உனக்குத் தபாலில் ஒன்று அனுப்புவேன். உன்னை எனக்குத் தெரியும், இதை வாசித்தவுடன் எனக்குப் போன் எடுப்பாய். அப்பா, நான் அப்படி நினைக்கவில்லை என்பாய். நான் வாறன் அப்பா என்பாய், அல்லது எனக்கு உண்மையிலேயே ஒரு வருடம் வேண்டும் அப்பா என்பாய், அல்லது, கடவுளே, எனக்கு இந்தக் கலியாணமே வேண்டாம் அப்பா என்பாய். அழுவாய் என்றும் நினைக்கிறேன், சின்ன வயதிலிருந்தே உனக்குக் கண்ணீர் கெதியில் வரும். நீ என்ன சொன்னாலும் நீ என் பிள்ளைதான், அதில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் போன் அடித்தால் நான் எடுக்க மாட்டேன். அம்மாவும் எடுக்க மாட்டாள், சத்தியம் வாங்கிவிட்டேன். எங்களுக்கு ஒன்றும் சொல்லாதே தம்பி. அவளுக்குச் சொல்.

அப்பா